கோலார் தங்க வயல்: எரிமலைப் பாறையும் நம்மவர் வரலாறும்

கோலார் என்றால் நம் வீட்டுப் பெண்களுக்குத் தங்கம் நினைவுக்கு வரும், பிள்ளைகளுக்குச் சினிமா. எரிமலை யாருக்கும் நினைவுக்கு வராது. இந்திய மண்ணில் இன்றும் கனன்றுகொண்டிருக்கும் எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு ஒன்றுதான்; நெடுங்காலம் உறங்கி 1991-இல் மறுபடியும் விழித்தது. ஆனால் பெங்களூரிலிருந்து ஒரே பகலில் போய்வரக்கூடிய தூரத்தில், சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் அணைந்துபோன எரிமலை நிலம் ஒன்று கிடக்கிறது. அதன் மேல்தான் நம் தாத்தாமார்கள் பலர் குடிசை போட்டு வாழ்ந்தார்கள்.

தங்கவயலை அடுத்த பெத்தபள்ளிக்குச் சென்ற மாதம் குடும்பத்தோடு போயிருந்தேன். அங்குள்ள பாறைகளை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் கருங்கல் மேடு. கிட்டே குனிந்து பார்த்தால் கல்லுக்குள் கல்லாக, சின்னதும் பெரிதுமாகத் துண்டுகள் புதைந்திருப்பது தெரியும். எரிமலை வெடித்தபோது சிதறிய கற்களும் சாம்பலும் சேர்ந்து இறுகியவை அவை. இதே வட்டாரத்தில் தலையணை வடிவப் பாறைகளும் உண்டு. நெருப்புக் குழம்பு தண்ணீருக்கடியில் வழிந்தால், வெளிப்புறம் சட்டென்று இறுகி, மூட்டை மூட்டையாக உருண்டுவிடும். ஆக, இன்று குடிதண்ணீருக்கே கஷ்டப்படுகிற இந்த வறண்ட பூமி ஒரு காலத்தில் நீருக்கடியில் இருந்தது. சொன்னால் என் மகள் நம்பவேயில்லை.

எரிமலை தங்கத்தைக் கக்கியது என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி அல்ல. குழம்பு இறுகிப் பாறையானபின், பூமியின் ஆழத்திலிருந்து கொதிநீர் அதன் வெடிப்புகளில் ஏறியது; அது ஆறும்போது வெங்கச்சங்கல்லும், அதில் இழை இழையாகத் தங்கமும் படிந்தன. அந்த வெள்ளைக்கல் ஓட்டத்தைப் பின்தொடர்ந்துதான் மனிதன் பூமிக்குள் இறங்கினான்.

முதலில் இறங்கியவன் வெள்ளைக்காரன் அல்ல என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், ஊரிகம், மாரிக்குப்பம் பக்கத்தில் ஊர்மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதையும், பறையர் சமூகத்தினர் குழி தோண்டி இறங்குவதையும் கண்டு எழுதிவைத்தார். மைக்கேல் லவெல் உரிமம் பெற்றது 1870-களில். ஜான் டெய்லர் கம்பெனி வந்தது 1880-இல். சுரங்கத்துக்காக 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கே 1905-இல்தான் விளக்கு எரிந்தது.

வேலைக்கு ஆள்? வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், சித்தூர். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்த வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அதற்குக் காரணம் பழைய எரிமலை அல்ல, பூமியின் ஆழம்தான். அந்த வேறுபாட்டால் உள்ளே நின்றவனுக்கு என்ன ஆறுதல்? அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறும். அதில் தப்பியவர்களுக்குத் தூசி காத்திருந்தது. தங்கத்தைத் தாங்கிய அதே வெங்கச்சங்கல்லைத் துளைக்கும்போது எழும் தூள் நுரையீரலில் தங்கிவிடும், சிலிகோசிஸ் என்பார்கள்.

ஆனாலும் இவர்களை வெறும் கூலிகளாக எண்ணுவது தவறு. அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1907-இல் அவர் தொடங்கிய இதழுக்கு இங்கே வாசகர்கள் இருந்தார்கள். 1914-இல் அவர் மறைந்தபின், 1920-களில், 'தமிழன்' இதழ் இந்தத் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடி வந்தது. சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. பகலில் பூமிக்கடியில், இரவில் அரிக்கேன் வெளிச்சத்தில் புத்தகம்! 1930-இல் கைரேகை பதிவு செய்யச் சொன்னபோது, "நாங்க என்ன திருடர்களா?" என்ற ரோஷத்தோடு ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த மக்கள் இவர்கள்.

800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. மிஞ்சியவை மூன்று கோடி டன்னுக்கும் மேலான கழிவு மண் மேடுகள். சயனைடு மேடு என்றுதான் ஊரில் பெயர். காற்றடித்தால் அந்தத் தூள் வீட்டுச் சோற்றில் விழும். தூரத்திலிருந்து பார்க்கிற பிள்ளைகள் அதைத்தான் எரிமலை என்று நினைத்துவிடுகிறார்கள்.

பெத்தபள்ளிக்கு எங்களோடு வந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர், அங்கிருந்த அறிவிப்புப் பலகையை என் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "கல்லுக்கு வயசு போட்டிருக்காங்க, நல்லதுதாம்மா. எங்க லைன் வீட்டுல யார் யார் இருந்தாங்கன்னு ஒரு பலகையும் இல்லியே" என்றார். அவர் அப்பா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டேன். "ஆற்காடு பக்கம்" என்பதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. கிராமத்தின் பெயர் அப்பாவோடு போய்விட்டது.

நம் சங்கத்திலேயே தங்கவயல் குடும்பங்கள் பல இருக்கின்றன. சுரங்கம் மூடியபின் இன்றும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்களும் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய சம்பளச் சீட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டோ, ஷிஃப்ட்டு டோக்கனோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் பெயர், சொந்த ஊர், சுரங்கம், லைன் நம்பர் நான்கையும் எழுதிச் சங்க நூலகத்தில் கொடுங்கள். படி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். பெரியவர்கள் வீட்டிலிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடுங்கள்.