பேரன் கண்ட யந்திரம்

வீட்டு மேஜைமீது முப்பரிமாண வஸ்துக்களை அச்சிடும் கலையின் சரித்திரத்தை, இங்கிலாந்தின் பாத் சர்வகலாசாலை ஆசிரியர் ஏட்ரியன் போயர், தன் அவயவங்களைத் தானே வார்த்துக்கொள்ளும் யந்திரமொன்றை உலகோருக்குப் பொதுச்சொத்தாக்கக் கருதி 2005-இல் ஆரம்பித்த 'ரெப்ராப்' முயற்சியிலிருந்து கணக்கிடுவதே நியாயம். உருக்கிய பிளாஸ்டிக்கை இழையிழையாய் அடுக்கும் உபாயமோ அமெரிக்கரான ஸ்காட் கிரம்ப் என்பாருடையது. அதன் காப்புரிமை 2009-இல் காலாவதியானது பெரிய அனுகூலம். 'டார்வின்' என்று நாமகரணம் பெற்ற முதல் யந்திரத்தின் சந்ததி, 2008 மே 29 அன்று, பூட்டி முடித்த சில நிமிஷங்களிலேயே பேரனுக்குரிய உறுப்பொன்றை வார்த்தது. எனினும் மோட்டாரும் இரும்புக் கம்பியும் கடைச்சரக்கே ஆகையால், அதைச் சுயம்பு என்று புகழ்வது சற்று மிகைதான். வரைபடங்களை எவரும் திருத்தலாமென்ற அனுமதியின் பலனாக, செக் தேசத்து இளைஞர் யோசெஃப் புரூஷா, அடுத்து வந்த 'மெண்டல்' வடிவத்தை 2010-இல் எளிமையாக்க, பலரும் அதையே பின்பற்றலாயினர்.