ஒரே கம்பனி, இரு வரலாறுகள்

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை, போர்த்துக்கேய வழித்தோன்றல்கள் எனக் கருதப்படும் கத்தோலிக்க மக்கள் வாழும் சிற்றூராகும். இன்று சிங்களம் பேசும் அம்மக்கள் புனித அந்தோனியாரைப் பாதுகாவலராகப் போற்றுகின்றனர். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தனர். அவர்தம் ஆணை செல்லாத கண்டி இராச்சியத்திலேயே, பௌத்த மன்னரின் ஆதரவில், இத்தகைய குடிகள் நிலைபெற்றன.

அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி யப்பானில் பெற்ற இடம் முற்றிலும் வேறானது. 1639இல் போர்த்துக்கேயரை வெளியேற்றிய தொக்குகாவா அரசு, 1641இல் ஒல்லாந்தரை நாகசாகியிலுள்ள தெஜிமா என்னும் சிறு செயற்கைத் தீவினுள் அடக்கியது. அவர்கள் வணிகம் செய்யலாம், சமயம் பரப்பலாகாது. 1720இல் ஆட்சித்தலைவர் யொஷிமுனே, கிறித்தவம் சாராத அயல்நாட்டு நூல்கள் மீதான தடையைத் தளர்த்தினார். அதன்பின் தழைத்ததே 'ரங்ககு' எனப்படும் ஒல்லாந்தக் கல்வி.

1771இல் எடோ நகரில் சுகிதா கென்பக்கு, மயெனோ ரியோதக்கு முதலிய வைத்தியர்கள் பிணமொன்று அறுக்கப்படுவதைப் பார்வையிட்டனர். அவர்கள் கொண்டுசென்ற ஒல்லாந்த உடற்கூற்று நூலின் படங்கள் கண்ணாற் கண்டவற்றோடு பொருந்தின; பழைய சீன மருத்துவ நூல்களின் விளக்கங்களோ பொருந்தவில்லை. மொழியறிவு சொற்பமாயிருந்தும், சொல்லுக்குச் சொல் பொருள் தேடி, 1774இல் அந்நூலின் மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். நரம்பைக் குறிக்க அவர்கள் ஆக்கிய 'ஷின்கெய்' என்னும் சொல் இன்றும் வழக்கிலுள்ளது.

இலங்கையில் நிகழ்ந்தது யாது? ஒல்லாந்தர் 1690இல் நல்லூரிலும் 1696இல் கொழும்பிலும் குருமடங்களை நிறுவினர். 1737இல் கொழும்பில் நூல் அச்சிடத் தொடங்கினர். இவை பெரிதும் அவர்தம் சமயத்தைப் பரப்பவே பயன்பட்டன. மறுபுறம், கம்பனி வைத்தியர் பவுல் ஹெர்மன் 1670களில் இங்கு திரட்டிய தாவரத் தொகுப்பு ஐரோப்பா சென்று, 1747இல் லின்னேயசின் இலங்கைத் தாவர நூலுக்கு ஆதாரமாயிற்று. அறிவு இங்கிருந்து சென்றதேயன்றி இங்கு வேரூன்றவில்லை.

யப்பானைப் புகழ்ந்துரைப்பது இதன் நோக்கமன்று. கண்டி மன்னர் கத்தோலிக்கருக்குப் புகலிடம் அளித்த காலத்தில், யப்பானிய அரசு கிறித்தவரைக் கடுமையாக ஒறுத்தது; அங்கு அத்தடை நீங்கியது 1873இலேயே. எனினும் ஓருண்மை தெளிவாகும். ஒல்லாந்தர் யப்பானுக்கு அறிவை வழங்கினர் என்பதினும், யப்பானியர் அதனைத் தாமே தேடிப் பெற்றனர் என்பதே பொருந்தும். எதைக் கற்பது என்பதை அங்கு கற்போர் தீர்மானித்தனர். ஒல்லாந்தர் ஆண்ட இலங்கையில் ஆள்வோர் தீர்மானித்தனர்.