கணவன், மனைவி, சுருட்டு

மலேசியாவின் கடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் நின்றாலும் ஓயாமல் காதில் விழும் ஒரு சொல் 'புங்குஸ்'. "அண்ணே, ரெண்டு தோசை புங்குஸ்" என்றால் பொட்டலம் கட்டிக் கொடுங்கள் என்று பொருள். இந்த மலாய்ச் சொல் ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சோழமண்டலக் கரையில் சுருட்டுக்குப் பெயராக வழங்கியதாகத் தெரிகிறது.

தாமஸ் பௌரி என்ற ஆங்கிலேயக் கப்பல் வணிகர் 1669 முதல் 1679 வரை வங்கக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளைப் பார்த்து எழுதி வைத்தார். அதில் சோழமண்டலத்து ஏழைத் தமிழரும் தெலுங்கரும் புகைக்கும் விதத்தைச் சொல்கிறார். குழாய் இல்லை, உக்கா இல்லை. இலையை அப்படியே சுருட்டி, ஒரு முனையில் நெருப்பு வைத்து, மறுமுனையை உதட்டில் பிடிக்கிறார்கள். இதற்குப் 'பங்கோ' என்று பெயர், போர்த்துகீசியர் 'செரூட்டா' என்பார்கள் என்று எழுதுகிறார். பங்கோவை 'புங்குஸ்' என்ற மலாய்ச் சொல்லின் திரிபாகக் கருதுகிறது 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. செரூட்டா நம் சுருட்டு. பௌரியின் நூலில் கடாவைப் பற்றியும் ஓர் அதிகாரம் இருக்கிறது. சோழமண்டலத் துணி கடாவுக்கு வரவும், கடாவின் ஈயமும் யானையும் அங்கே போகவும் கப்பல்கள் ஓயாமல் ஓடிய காலம் அது. பௌரியே பின்னர், 1701இல், ஆங்கில-மலாய் அகராதி ஒன்றை வெளியிட்டார். சுருட்டின் சொல்வரலாற்றை எழுத வருகிறவர் கடாவைத் தொடாமல் போக முடியாது என்பதற்கு இந்த ஒரு மனிதரே சான்று.

சொல்லின் வேர் எளியது. உருள் உருட்டு ஆனதுபோல, திரள் திரட்டு ஆனதுபோல, சுருள் சுருட்டு ஆயிற்று. முதலில் வினை: பாயைச் சுருட்டு, ஓலையைச் சுருட்டு. இராசேந்திர சோழனின் படை 1025 வாக்கில் கடாரத்துக்கு, அதாவது இன்றைய கடாவுக்கு, வந்தபோது அந்தப் படைவீரர்கள் வாயிலும் இந்தச் சொல் இருந்திருக்கும், ஆனால் வினையாக மட்டும். புகையிலை அமெரிக்கப் பயிர்; போர்த்துகீசியர் கப்பலில் வந்து நம் மண்ணில் ஊன்ற இன்னும் ஐந்து நூற்றாண்டுக்கு மேல் கழிய வேண்டியிருந்தது. அது வந்தபின் வினை பெயராகி, அந்தப் பெயர் உலகம் சுற்றியது. மலையாளத்தில் சுருட்டு, சிங்களத்தில் சுருட்டுவ, வங்கத்தில் சுருட், போர்த்துகீசியத்தில் சாருத்து, ஆங்கிலத்தில் செரூட், மலாயில் செருத்து. மலாய்க்காரர்கள் தமிழரிடம் நேராக வாங்கினார்களா, போர்த்துகீசியர் கைவழியாக வாங்கினார்களா என்பதில் இரு கருத்து உண்டு. நாகப்பட்டினத்துக்கும் கடாவுக்கும் இடையே சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம் வணிகர் வைத்திருந்த தொடர்பைப் பார்க்கையில், நேர்வழியைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பொருளின் புகழ் தனிக்கதை. உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டிய சுருட்டுகள் இலண்டன் வரை போயின. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார்.

இனி நான் சொல்ல வந்த செய்தி. இப்போது நகரங்களில் சுருட்டு மறுபடி ஒரு சௌகரியமான பொழுதுபோக்காக வந்திருக்கிறது. தோல் நாற்காலி, மெல்லிய விளக்கு, விலையுயர்ந்த கியூபச் சுருட்டு. அதில் மனைவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சோடியாகப் புகைத்தால் நெருக்கம் கூடும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இதைப் புதுமை என்று நினைக்கிறவர்கள் கடாத் தோட்டங்களின் லயங்களை, அந்தத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை, அறியாதவர்கள்.

பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கம் பால்மரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். சுருட்டுக் குடித்த பாட்டியை நினைவில் வைத்திருப்பவர் ஒருவராவது கிடைப்பார். கிழவியானபின் அதை யாரும் தடுக்கவில்லை. இளம் மனைவி புகைத்தால் ஊர் பேசும். பேரன் பேத்தி எடுத்தவள் படிக்கட்டில் உட்கார்ந்து இழுத்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார். கணவனுக்கு மீசை முளைத்ததும் கிடைத்த உரிமை மனைவிக்கு நரை விழுந்தபின்தான் கிடைத்தது. பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு இருவரும் விடியலில் ஒன்றாகப் போனார்கள், ஒரே தீம்பாரில் மரம் சீவினார்கள். கூலி மட்டும் ஒன்றாக இல்லை: 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியப் பகுதிகளுக்கு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தக் கூலியிலிருந்துதான் கள்ளுக்கும் சுருட்டுக்கும் செலவழிக்க வேண்டியிருந்தது. 1947இல் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியபோது பெண்களும் திரண்டு நின்றதில் வியப்பென்ன?

சுருட்டு உரிமையில் சாமிகளிடமும் இதே ஏற்பாடுதான். தோட்ட எல்லையில் முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் சுருட்டும் சாராயமும் படைத்தார்கள், இன்றும் படைக்கிறார்கள். வீரனின் இருபுறமும் பொம்மியும் வெள்ளையம்மாளும் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பூவும் மஞ்சளும் வளையலும். சுருட்டு வீரன் ஒருவனுக்கே.

சுருட்டைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லான 'சுட்டா'வுக்கும் சுற்றுவது என்றே பொருள். அதன் கதை இன்னும் கனமானது. ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் கரையோரத்திலிருந்து பல தெலுங்குக் குடும்பங்கள் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தன. அந்தக் கரையில் பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். 'அட்டபொக' என்று அதற்குப் பெயர். தாயிடமிருந்து மகளுக்கு வந்த பழக்கம் அது. அந்தச் சூடு மேலண்ணத்தைத் தாக்கி, அங்கே புற்றுநோய் வருவதை இந்திய மருத்துவர்கள் பல்லாண்டுகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, பெண் கையில் சுருட்டு இருந்தால் அது விடுதலை என்று யாராவது சொல்லும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை.

சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆகவே கெடுதல் குறைவு என்பார்கள். சுருட்டின் புகை காரத்தன்மை உள்ளது. அதிலுள்ள நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். உள்ளிழுக்காதவருக்கும் வாய், குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வருகிறது.

புகைக்காத மனைவியின் பங்கு என்ன? ஜப்பானில் தகேஷி ஹிராயாமா 91,540 புகைக்காத மனைவிகளைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கணவன் அதிகமாகப் புகைத்தால் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுகிறது என்று 1981இல் அறிவித்தார். புகையிலை நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. பிந்தைய ஆய்வுகள் அவர் பக்கமே நின்றன. கணவனும் மனைவியும் சுருட்டைப் பங்கிட்டுக்கொள்ளலாமா என்று கேட்பதற்கு முன்பே, கேட்காமலே பங்கிடப்பட்ட புகை அது. சிறிய அறையும் ஒற்றைச் சன்னலும் உள்ள லயத்து வீட்டில் அந்தப் பங்கு எவ்வளவு என்பதை நினைக்கவே வயிறு கலங்குகிறது.

தமிழ்த் தம்பதியர் கூடிச் சுவைத்தது வெற்றிலை. மனைவி மடித்துக் கொடுப்பாள், கணவன் வாங்கிக்கொள்வான். அதுவும் ஒரு சுருள்தான். ஆனால் அதற்குள்ளும் புகையிலை புகுந்துகொண்டது. புகையிலை இல்லாத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூல் சொல்கிறது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களையே அதிகம் தாக்குகிறது, அதிலும் நம் பெண்களை. பாட்டியிடம் கேட்டுப் பெற்ற ஒரு துண்டுப் பாக்கிலிருந்து தொடங்கிய கதைகள் பல.

சுருட்டு என்ற சொல் இன்று பொருள் மாறிப் போயிருக்கிறது. மலேசியத் தமிழ் நாளேடுகள் சிகரெட்டை 'வெண்சுருட்டு' என்று எழுதுகின்றன. கடத்தல் வெண்சுருட்டு பிடிபட்ட செய்திகளில் அடிக்கடி காணலாம். 2019 முதல் உணவுக் கடைகளில் புகைக்கத் தடை. 2024 அக்டோபர் 1 முதல் புகைப்பொருள்களுக்கென்றே தனிச்சட்டம், 852ஆம் எண், நடப்பில் இருக்கிறது. சட்டம் கடைவாசலோடு நின்றுவிடும்; வீட்டுக்குள் கணவனும் மனைவியும்தான் பேசி முடிவெடுக்க வேண்டும்.

சோடியாகப் புகைக்கலாமா என்றால், என் பதில், வேண்டாம். இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை வேறொன்று இருக்கிறது. தோட்டத்தில் வாழ்ந்து பட்டணத்துக்குப் பெயர்ந்த அம்மாவுக்கோ பாட்டிக்கோ சுருட்டோ வெற்றிலையோ பழக்கம் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், மேலண்ணம். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், புண் ஒன்று இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தாலும், வலி இல்லையென்று விட்டுவிடாமல் அருகிலுள்ள அரசு பல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் பிழைக்கலாம்.