"கேம்ப்புக்கா? ஏன், லயத்துக்கு என்ன ஆச்சு?"

ஒரு செப்டம்பர் கடைசி. கச்சான் காத்து அடங்கியிருந்தது. நாங்க ஆறு பேர் மூணு பைக்கில பதுளையிலிருந்து பசறை வழியா மடுல்சீமைக்குக் கிளம்பினோம். ஒரு கூடாரம் இரவல், இன்னொன்று வாடகை. மூணாவதுக்குப் பதிலா கொழுந்து எடுக்கிறவங்க இடுப்பில கட்டுற படங்கு ரெண்டைச் சேர்த்துக் கட்டிக்கிட்டோம். "கேம்ப் அடிக்கப் போறோம்" என்று வீட்டில சொன்னதும், எங்களில ஒருத்தரோட அம்மாயி திடுக்கிட்டுப் போனாங்க.

"கேம்ப்புக்கா? ஏன், லயத்துக்கு என்ன ஆச்சு?"

அப்போ சிரிச்சோம். ராத்திரி மலை விளிம்பில, கீழே ஊர் விளக்குகளைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தப்பதான் அந்தக் கேள்வி உறைச்சது. அவங்க தலைமுறைக்கு கேம்ப் என்றால் பொழுதுபோக்கு இல்ல. தோட்டத்துக்கு வர்றவங்களை அடைச்சு வச்சு நோய் பார்த்து அனுப்பின மண்டபம் கேம்ப். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திருப்பி அனுப்பப்பட்டவங்க போய் இறங்கினதும் அதே மண்டபம்தான். அதுக்கும் பிறகு, மண் சரிஞ்சா பாய் விரிச்சுப் படுக்கிற பள்ளிக்கூட மண்டபம். ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தம் எப்படி வந்தது என்று தேடிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

காட்டில முதல்ல படுத்தவங்க

இந்த மலைகளுக்குப் போற பாதையில திறந்த வெளியில ராத் தங்கினவங்களில எங்க முன்னோரும் அடக்கம். 1820களில தொடங்கி, கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவங்க தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தோணியில மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டுப் பாதையில நடந்தாங்க. கங்காணி முன்னால, குடும்பங்கள் பின்னால. ஊவாவுக்கு வர வேண்டியவங்க மாத்தளை, கண்டி தாண்டியும் மலையேறி நடக்கணும். மரத்தடியும் வழியில கிடைச்ச கொட்டகையும்தான் படுக்கை. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவங்களை அங்கேயே விட்டுட்டு மிச்சப் பேர் நடந்தாங்க. 1914இல தலைமன்னாருக்கு ரயில் வந்தது. பதுளைக்கு ரயில் வர இன்னும் பத்து வருசம் ஆச்சு, 1924.

மலையகத்துக்கு 200 வருசம் ஆனதை நினைவுகூர்ந்து 2023 ஜூலை கடைசியில தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்தே போனாங்க. அந்த நடையைத் தெரியாத எங்க வயசுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்றோம்: நம்ம ஆட்கள் காட்டில ராத் தங்கின வரலாறு அந்தப் பாதையில தொடங்குது.

துரைமார் போட்ட கேம்ப்

அதே காலத்தில இன்னொரு வகைக் கேம்ப்பும் இருந்தது. பதுளையில வேலை பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்து நானூறு யானைக்கு மேல சுட்டவர் என்று சொல்லுவாங்க. அப்போ யானையைக் கொன்றால் அரசாங்கம் சன்மானமே கொடுத்தது. 1845இல ஹப்புத்தளையில இடி விழுந்து அவர் செத்தார். பதுளை டவுனில இருக்கிற புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக் கட்டினதுதான். அதைத் தினமும் கடந்து போறோம். சாமுவேல் பேக்கர் மாதிரி வேட்டைக்காரங்களும் நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கி, வேட்டையைப் பற்றிப் புத்தகமே எழுதினாங்க. கூடாரமும் சமையல் சாமானும் கூலியாட்களோட தலையில போச்சு. இன்னைக்கு அந்த மலையுச்சிகளில யானை இல்ல.

காடும் அதே வேகத்தில போச்சு. கோப்பிக்காகச் சரிவில இருந்த மரங்களைப் பாதி பாதியா வெட்டி வச்சு, மேல நிக்கிற மரத்தைச் சாய்ச்சு, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்ததும் தீ வைப்பாங்க. வெட்டுற வேலைக்குச் சிங்களக் கிராமத்தவங்களும் கூலிக்கு வந்தாங்க. 1869இல கோப்பி இலையில துரு நோய் கண்டது. கோப்பி அழிஞ்ச இடத்தில தேயிலை வந்தது. 1873இல தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேல இருக்கிற காட்டையாவது தொடாதீங்க என்று ஆலோசனை சொன்னார். இன்னைக்கு ஒஹிய வழியா ஏறிப் போய்ப் பார்க்கிற ஹோட்டன் சமவெளிக் காடு மிஞ்சினதுக்கு அதுவும் ஒரு காரணம். 1988இல அது தேசியப் பூங்கா ஆச்சு.

காட்டுக்கு யார் சொந்தக்காரர்?

1817-18இல ஊவா-வெல்லஸ்ஸ மக்கள் பிரிட்டிஷாருக்கு எதிரா எழுந்தாங்க. எழுச்சியை அடக்க ஊர்களையும் வயல்களையும் எரிச்சாங்க. அதுக்குப் பிறகு 1840இல வந்தது முடிக்குரிய காணிகள் சட்டம், அந்த வருசத்து 12ஆம் இலக்கச் சட்டம். உரித்தை நிரூபிக்க முடியாத காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் அரசிக்குச் சொந்தம் என்றது அது. சேனை செஞ்சு பிழைச்ச கிராமத்தவங்க கையில எழுத்து எங்க இருக்கும்? ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கு எல்லாம் காணிகள் தோட்டக்காரங்களுக்குப் போச்சு. விற்காமல் மிஞ்சினது அரச காடு ஆச்சு. நாங்க இன்னைக்கு "அரச காணிதானே, யாரும் போகலாம்" என்று சொல்ற இடத்தோட பத்திரம் இப்படித்தான் எழுதப்பட்டது. இழந்தது சிங்களக் கிராமம். உழைச்சது நம்ம ஆட்கள். ரெண்டு பேருக்கும் நிலம் கிடைக்கல.

அதுக்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 1948இல குடியுரிமை போச்சு. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில தோட்டங்கள் அரசுக்கு வந்தது. 1992இல நிர்வாகம் கம்பனிகளுக்குப் போச்சு. மிச்சம் இருந்தவங்களுக்குக் குடியுரிமை கொடுக்கச் சட்டம் வந்தது 2003இல. லயக் காம்பராவுக்கு உறுதி மட்டும் இன்னும் பெரும்பாலானவங்க கையில இல்ல. ஏழு பேர்ச் காணி என்கிற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வருது.

பைக் சத்தம்

தாத்தாமார் காலத்தில தோட்டத்து ரோட்டில பைக் சத்தம் கேட்டால் சின்னத்துரை வர்றார் என்று அர்த்தம். குனிஞ்சவங்க இன்னும் குனிஞ்சு கொழுந்து எடுப்பாங்க. இப்போ அந்த ரோட்டில பைக் ஓட்டுறது நாங்க. கொழும்பில வேலை பார்த்து, லீசிங் கட்டி வாங்கின பைக். அந்த மாற்றம் சின்னது இல்ல. நாரங்கல, வங்கெடிகல, மடுல்சீமை என்று வார இறுதியில மேல ஏறுற எங்க வயசுப் பிள்ளைகளைப் பார்க்கச் சந்தோசமாவும் இருக்கு.

ஆனா அந்த ராத்திரி எங்களுக்கு ஒரு கணக்கு இடிச்சது. வழியில ஓர் இடத்தில கூடாரம் போடுற எட்டடி நிலத்துக்கு ஒரு ராத்திரிக்குக் காசு வாங்கினாங்க. கழிப்பறை இல்ல, தண்ணிக்கு ஊற்றுதான், இருந்தாலும் துண்டு எழுதிக் கொடுத்தாங்க. நாலு தலைமுறை இருந்த லயத்துக்கு அப்படி ஒரு துண்டு எங்க வீடுகளில இல்ல. அதைவிடப் பெரிய வித்தியாசம், மழை கூடினால் நாங்க கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டுக் கீழ இறங்கலாம். லயத்தில இருக்கிறவங்களால முடியாது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில 2005இலயும் 2011இலயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிச்சிருந்தது. போக வேறு இடம் ஒழுங்காக் கொடுக்காததால சனம் அங்கேயே இருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில மலை லயங்கள் மேல இறங்கிச்சு. தப்பினவங்க பள்ளிக்கூடத்திலயும் பழைய தேயிலை ஃபேக்டரியிலயும் தங்கினாங்க. அதையும் கேம்ப் என்றுதான் சொன்னாங்க. 2025 நவம்பர் டித்வா புயலிலும் பதுளை மாவட்டம் மண்சரிவில அடிபட்டது, மறுபடியும் கேம்ப்.

அதனால மலைக்குப் போகாதீங்க என்று சொல்ல வரல. போங்க. வன இலாகா, வனஜீவி இலாகா இடம் என்றால் அனுமதி கேட்டுப் போங்க. ஒதுக்குக் காட்டில தீ மூட்டுறது சட்டப்படி குற்றம். கச்சான் காலத்தில மானாப்புல்லு காய்ஞ்சு கிடக்கும், ஒரு பொறி போதும் பத்தனைப் புல்வெளி முழுக்க எரிய. கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டு வாங்க. கீழ இருக்கிற லயத்துக்குக் குடிதண்ணி வர்றது நீங்க பாத்திரம் கழுவுற அதே ஊற்றிலிருந்துதான்.

இன்னொன்று, வழியில இருக்கிற லயத்தில பைக்கை நிறுத்தி, ஒரு தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு, வயசானவங்கக்கிட்ட அந்த மலைக்கு அவங்க வச்ச பேரைக் கேளுங்க. தோட்டத்து மேப்பில இருக்கிறது வேற பேர், அவங்க சொல்றது வேற பேர். அதை எழுதி வையுங்க.

நாங்க திரும்பி வந்ததும் அம்மாயி முதல்ல கேட்டது, "மண்ணு நல்லாத்தானே இருந்துச்சு? வெடிப்பு ஒண்ணும் இல்லையே?" காட்சி எப்படி இருந்தது என்று அவங்க கேக்கவே இல்ல. நாங்க எடுத்த இருநூறு போட்டோவிலயும் மண் எங்கேயும் சரியா விழல. அடுத்த முறை அதையும் பார்த்துட்டு வர்றதாச் சொல்லியிருக்கோம்.