கண்ணாடிக்குள் பூச்சடை: தமிழ்க் கர்ப்பகாலப் படங்களின் காலக்குறிப்பு

தமிழ்நாட்டுப் பழைய குடும்ப ஆல்பங்களில் ஒரு படம் ஊர் மாறி, சாதி மாறி வந்துகொண்டே இருக்கும். பட்டுப்புடவை கட்டிய பெண் முக்கால் பக்கம் திரும்பி நிற்பாள். அவளுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. அதில் உச்சந்தலை முதல் இடுப்புக்குக் கீழ்வரை பூத் தைத்த சடை தெரியும். ருதுவான பெண், மணப்பெண், வளைகாப்பு கண்டவள் ஆகிய மூவரையும் ஸ்டூடியோக்காரர் இதே நிலையில்தான் நிறுத்தினார். இவற்றுள் மூன்றாவதே என் பொருள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது எடுத்து வைத்த படம் எதைக் காப்பாற்ற எடுக்கப்பட்டது என்பதே இங்கே கேள்வி.

கேமரா சென்னைக்கு வந்த கதையை மீண்டும் சொல்லத் தேவையில்லை. லின்னேயஸ் டிரைப் 1856இல் மாகாண அரசின் படப்பிடிப்பாளர் ஆனதும், லாலா தீன்தயாள் 1892இல் ஐதராபாத்தில் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ திறந்ததும் பலர் எழுதிய செய்திகள். தமிழகச் சிறுநகர ஸ்டூடியோக்களின் படங்களைத் திரட்டிக் கணினியில் ஏற்றும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் சோயி ஹெட்லி முன்னின்று நடத்தியிருக்கிறார். பொருள் கைக்கு வந்துவிட்டது. அதை எப்படி வாசிப்பது என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு.

இந்திய ஸ்டூடியோப் படங்களைப் பற்றிப் பேசும் எவரும் கிறிஸ்டோபர் பின்னியைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய ‘கேமரா இண்டிகா’ 1997இல் வெளிவந்தது. மத்தியப் பிரதேசத்தின் தொழில்நகரமான நாக்தாவில் இருந்து பார்த்து எழுதிய பகுதிதான் அந்நூலின் உயிர். காலனிய ஆட்சியாளர்கள் கேமராவை ஆளை அடையாளப்படுத்தவும் வகைப்படுத்தவும் கொண்டுவந்தார்கள்; நாக்தாவின் ஸ்டூடியோவோ அந்த வேலையை உதறிவிட்டது என்பது அவர் வாதம். ஒருவரின் குணம் முகத்தில் எழுதியிருக்கும் என்று அங்கே யாரும் நம்பவில்லை. ஆகவே படத்தில் முகம் உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை. தீட்டிய திரைக்கு முன் நின்று வேறொருவராக ஆகிப் பார்க்கலாம். ஒரே ஆள் ஒரே படத்தில் இரண்டு முறை தோன்றலாம். 2003இல் எழுதிய கட்டுரையில் பின்னி இதை இன்னும் கூர்மையாக்கினார்: இத்தகைய படங்கள் ஆழத்தை விட்டு மேற்பரப்பைப் பற்றிக்கொள்கின்றன, குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட கணம் என்ற பிடியிலிருந்து நழுவுகின்றன. அர்ஜுன் அப்பாதுரையும் 1997இல் ஸ்டூடியோத் திரைகளைப் பற்றி ஏறக்குறைய இதே திசையில் எழுதினார்.

இந்த வாதத்தின் பெருமையைக் குறைக்க எனக்கு எண்ணமில்லை. இந்தியச் சிறுநகரப் படங்களை மேலைப் படங்களின் மங்கிய நகலாகப் பார்த்த பழக்கத்தை உடைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். நாக்தாவைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க என்னிடம் சான்றும் இல்லை. ஆனால் அவருடைய கண்ணைக் கடன் வாங்கித் தமிழ்க் கண்ணாடிப் படங்களைப் பார்க்கும்போது இடறுகிறது. அவ்வழியில் வாசித்தால் கண்ணாடி என்பது இரட்டிப்பு: ஒருத்தியை இருவராக்கி, ‘இவள்தான் இவள்’ என்ற உறுதியைக் குலைக்கும் கருவி. நாக்தாவின் இரட்டைப் படங்களோடு இதையும் ஒரே கட்டில் கட்டிவிடலாம். பார்வைக்கு அழகாகவும் பொருந்தும்.

பொருந்தக்கூடாது என்கிறேன். கண்ணாடியில் முகம் தெரிந்தால்தான் அது இரட்டிப்பு. 1860களில் லண்டனில் கிளெமென்டினா ஹாவர்டன் தன் மகள்களைக் கண்ணாடி முன் நிறுத்தி எடுத்த படங்களில் கண்ணாடிக்குள் இருப்பது முகம். அங்கே பெண் தன்னைத்தானே சந்திக்கிறாள். தமிழ்ப் படத்தில் அவள் கண்ணாடியைப் பார்ப்பதே இல்லை. கண்ணாடி காட்டுவது அவளால் பார்க்க முடியாத முதுகை. அம்மாவும் அத்தையும் விடிகாலையிலிருந்து உட்கார்ந்து வாழைப்பட்டையில் ஊசியால் மொட்டு மொட்டாகத் தைத்து, பின்னலோடு சேர்த்துக் கட்டி, ராக்கொடியும் சடைபில்லையும் வைத்து, நுனியில் குஞ்சலம் தொங்கவிட்டார்களே, அந்த வேலையைத்தான் கண்ணாடி காட்டுகிறது. அதை அந்த நாளில் பார்க்க முடியாமல் போனவள் அதைச் சுமந்தவள் ஒருத்தியே. படம் கழுவி வந்த பிறகுதான் அவளும் பார்த்திருப்பாள்.

இதற்கு என் கையில் இருக்கும் முக்கியச் சான்று ஒரே ஒரு படம். தஞ்சை வட்டாரத்து உறவினர் வீட்டு டிரங்குப் பெட்டியில், பழுப்பேறிய கடித உறைக்குள் கிடந்தது. உள்ளங்கையளவு கறுப்பு வெள்ளைப் படம், விளிம்பு நெளிவெட்டு. இருண்ட பகுதிகளில் வெள்ளி பூத்து, சாய்த்துப் பார்த்தால் மினுக்குகிறது. பெண் ஒரு நாற்காலிக் கைப்பிடியில் இடக்கையை ஊன்றி நிற்கிறாள். புடவைத் தலைப்பை வலத்தோள் வழியே சுற்றி முன்னால் இழுத்துவிட்டிருப்பதால் வயிறு தெரியவில்லை. இரண்டு கைகளிலும் முழங்கை நோக்கி ஏறும் கண்ணாடி வளையல்கள். இதுவரை வழக்கமானது.

வழக்கமில்லாதது அவள் முகம் சற்று மங்கலாக இருப்பது. கண்ணாடிக்குள் இருக்கும் சடையோ ஊசி முனைபோலத் தெளிவு. மல்லிகை மொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். பெண் அசைந்துவிட்டாள் என்று சொல்லித் தள்ளத் தோன்றும். ஆனால் அவள் கை ஊன்றிய நாற்காலிக் கைப்பிடியும் அதே அளவு மங்கல், நாற்காலி அசையாது. ஆகவே இது குவியம் பற்றிய விஷயம். கணக்கு எளியது: பெண் லென்சுக்கு 8 அடியில் நிற்கிறாள், கண்ணாடி அவளுக்கு 2 அடி பின்னால் என்று வைத்துக்கொண்டால், கண்ணாடிக்குள் தெரியும் அவள் முதுகு கேமராவுக்கு 12 அடித் தொலைவில் இருப்பதாகவே லென்ஸ் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒருசேரத் தெளிவாக்க லென்சின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது, நேரம் கூடும், ஏழு மாதக் கர்ப்பிணி அசையாமல் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தபோது இந்த ஸ்டூடியோக்காரர் சடையைத் தேர்ந்தெடுத்தார்.

கை தவறியதாகவும் இருக்கலாம். ஒரே படத்தை வைத்துக்கொண்டு அந்த வாய்ப்பை முழுதாக மூட முடியாது. ஆனாலும் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பின்கண்ணாடியில் தலைகீழ் உருவத்தைப் பார்த்துக் குவியம் வைப்பதே அவருடைய அன்றாடத் தொழில். முகம் கலங்கியிருப்பது அவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது. முகத்தில் பென்சில் டச்சப்பும் இல்லை. அதைவிட முக்கியம், குடும்பம் அதை மறுக்காமல் காசு கொடுத்து வாங்கி, பெட்டியில் வைத்து, பின்புறம் எழுதியும் வைத்தது. முகம் சரியில்லாத படத்தை ஒரு வீடு இத்தனை காலம் வைத்திருந்தால், அவர்கள் எடுக்கச் சொன்னது முகத்தை மட்டும் அல்ல என்றே கொள்வேன்.

மொட்டுகள் இன்னொன்றும் சொல்கின்றன. மல்லிகை மொட்டு மாலையில்தான் வாய் திறக்கும். படத்தில் ஒன்றுகூட மலரவில்லை. ஆக, சடங்கு வீட்டில் சடை தைத்து முடித்த கையோடு, பொழுது சாயுமுன் இவளை அழைத்துப் போயிருக்கிறார்கள். மறுநாள் போயிருந்தால் படமெடுக்கப் பூவே இருந்திருக்காது. கணத்தின் பிடியிலிருந்து நழுவுவது என்ற பின்னியின் வருணனை இந்த இடத்தில் நிற்கவில்லை. ஒரு குறிப்பிட்ட நாளின் சில மணி நேரத்துக்குள் இவ்வளவு கறாராக அடைபட்ட படங்கள் குறைவு.

பின்புறத்தில் ஊதாப் பென்சிலால் எழுதியிருப்பது: ‘வி...௵ ஆவணி௴ 19௳ பூ வைத்தது. மாசம் 7.’ ‘வி’க்குப் பின் ஈரம் பட்டு மை பரவிவிட்டது. பூ வைத்தது என்பது நிச்சயதார்த்தத்தையும் குறிக்கலாம், ருதுச் சடங்கையும் குறிக்கலாம். இது கர்ப்பகாலப் பூச்சூட்டல் என்று மாசம் 7 என்பதுதான் தீர்ப்புச் சொல்கிறது. ஆவணி தமிழ்க் கணக்கில் ஐந்தாம் மாதம்; ஆவணி 19 ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் முதல் வாரத்தில் வரும், அதாவது ஒன்பதாம் மாதம். ஏழு எந்த நாட்காட்டியிலும் பொருந்தவில்லை. அது வயிற்றுப் பிள்ளையின் மாதம். எழுதியவர் ஒரே வரியில் இரண்டு காலக்கணக்கை வைத்துவிட்டார்: ஊருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

எந்த வருஷம் என்பதுதான் சிக்கல். அறுபது தமிழ் வருஷங்களில் ‘வி’யில் தொடங்குபவை பதினொன்று. விபவ (1928–29), விக்கிரம (1940–41), விஷு (1941–42), விய (1946–47), விரோதி (1949–50), விகிருதி (1950–51), விஜய (1953–54), விளம்பி (1958–59), விகாரி (1959–60), விசுவாவசு (1965–66), விரோதிகிருது (1971–72). நெளிவெட்டு விளிம்பு 1940களிலும் 50களிலும் பரவலாக இருந்தது. அதை நம்பினால் முதலும் கடைசி இரண்டும் விலகும். பரவியிருக்கும் கறை அகலமாக இருப்பதால் ‘விய’, ‘விஷு’ போன்ற குறுகிய பெயர்களுக்கு வாய்ப்புக் குறைவு என்று ஒருகால் நினைத்தேன். ஈரம் எவ்வளவு பரவும் என்பதற்கு அளவு ஏது? அதைச் சான்றாக வைக்க மாட்டேன். அந்தக் கர்ப்பத்தில் பிறந்தவர் என்று வீட்டார் கருதும் மூத்த மகனின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த நாள் ஜூன் 1 என்றிருக்கிறது. அந்தக் காலத்து வாத்தியார்கள் எத்தனை பிள்ளைகளை ஜூன் 1இல் பிறக்க வைத்தார்கள் என்பது தெரிந்ததே. ஆவணியில் ஏழு மாதம் என்றால் ஐப்பசி அல்லது கார்த்திகையில் பிறப்பு. ஜூன் கணக்குக்குள்ளேயே வராது. ஆகவே இந்தப் படத்தின் ஆண்டை நான் முடிவு செய்யவில்லை.

இதே மனப்போக்கை இன்னொரு வகைப் படத்திலும் பார்க்கலாம். குலதெய்வக் கோயிலில் முதல் மொட்டை போடுவதற்கு முன், ஆண் குழந்தைக்கும் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை சட்டை போட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இட்டு ஸ்டூடியோவுக்குத் தூக்கிப் போவார்கள். பின்னியின் வழியில் போனால், ஆண் பெண்ணாகும் வேடம் என்று இதையும் ‘வேறொருவராதல்’ பட்டியலில் சேர்க்கலாம். வீட்டுப் பெண்களைக் கேட்டால் ஒரே பதில் வரும்: முடி போகப் போகிறது, அதற்குள் ஒரு படம். பிறந்த முடி ஒரு முறைதான் வளரும். இங்கும் வேடம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் வேடத்தைக் கிளப்பிவிடுவது நெருங்கிவரும் இழப்பின் தேதி. குப்புற விழுந்த குழந்தையைத் தலை தூக்கிய நிலையில் எடுப்பதும் அப்படியே. அடுத்த மாதம் அது தவழ்ந்துவிடும்.

குடும்பப் படத்தின் வேலை குடும்பத்தை ஒன்றாகக் கட்டிக் காட்டுவது என்று பியர் பூர்தியூ 1965இலேயே பிரெஞ்சுக் குடும்பங்களை வைத்துச் சொன்னார். வரிசையாக உட்கார்ந்து எடுக்கும் குழுப்படத்துக்கு அது முழுதும் பொருந்தும். பூச்சூட்டல் படத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஆனால் சடை தைத்த கைகளெல்லாம் கண்ணாடிக்குள் இருக்கின்றன. பெரும்பாலும் பிறந்த வீட்டுக் கைகள். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வரும் வீடு, தன் பங்கை இப்படி எழுதி வைத்தது என்று வாசிக்கவே நான் விரும்புகிறேன். இதற்குச் சான்று குறைவு என்பது தெரிந்தும் இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வுகளில் ஸ்டூடியோக்காரரின் கையும் திரை தீட்டியவரின் கையும் பேசப்படும் அளவுக்குப் பூத் தைத்தவளின் கை பேசப்படுவதில்லை. படத்தின் பாதிக்கு ஆசிரியை அவள்.

வயிறு ஏன் மறைந்தது? கண்ணேறு என்பதே எளிய பதில், சரியான பதிலும்கூட. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய பெரியவர்கள் உள்ள வீடுகளில், பிள்ளைத்தாய்ச்சியைக் கேமரா முன் நிறுத்தியதே பெரிய துணிச்சல். முதுகைக் காட்டுவது அந்தத் துணிச்சலுக்குக் கிடைத்த வழி. வயிற்றைக் காட்டாமலே கர்ப்பத்தைக் காட்டலாம்.

பின்னர் கேமரா வீட்டுக்கே வந்தது. ஆக்ஃபா கிளிக் III போன்ற பெட்டிக் கேமராக்களில் குவியம் வைக்க வழியில்லை. 120 ஃபிலிமில் பன்னிரண்டு படம்; அதில் ஒன்று பூச்சடைக்கு. ஸ்டூடியோவின் ஆளுயரக் கண்ணாடி இருந்த இடத்தில் இரும்பு பீரோவின் கண்ணாடி வந்தது, பின்பு பல படங்களில் அதே கண்ணாடியில் ஃபிளாஷ் வெடித்துச் சடையின் நடுவே வெள்ளைப் பொத்தல் விழுந்தது. அப்படியும் நிலை மாறவில்லை. பீரோவின் முன் முக்கால் பக்கம் திரும்பித்தான் நின்றார்கள்.

இன்று கடற்கரையிலும் தோப்பிலும் நீள கவுன் அணிந்து, இரு கைகளால் வயிற்றைத் தாங்கி எடுக்கும் படங்களின் வேரை 1991 ஆகஸ்ட் ‘வேனிட்டி ஃபேர்’ அட்டையில், ஆனி லீபோவிட்ஸ் எடுத்த டெமி மூர் படத்தில் தேடுவது வழக்கம். காட்டும் பக்கம் மாறியதற்கு அது காரணம் என்பதை ஏற்கிறேன். ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று நாள் குறித்துப் படமெடுக்கும் பழக்கத்துக்கும் அதையே காரணமாக்குவது தவறு. அந்தப் பழக்கம் நெளிவெட்டு விளிம்புப் படங்களின் பின்புறத்தில் ஊதாப் பென்சிலில் முன்பே இருக்கிறது.

என் வாசிப்புக்கு எதிராக ஒன்று நிற்கிறது, அதை மறைக்கக் கூடாது. கண்ணாடி நிலை முதலில் மணப்பெண்ணுக்காக வந்து, பின்பு கர்ப்பிணிக்கு நீண்டிருந்தால், நான் பூச்சூட்டலுக்குரியது என்று சொன்ன காலக்கறார் முதலில் திருமணத்துக்கு உரியதாகிவிடும். எது முன், எது பின் என்று முடிவுகட்ட, பின்புறம் தேதியும் சடங்கும் எழுதிய படங்கள் வேண்டும். கண்ணாடித் தகடு நெகட்டிவ்களைக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்ற ஸ்டூடியோக்கள் பல. வாடிக்கையாளர் பதிவேடுகளும் அவற்றோடு போயின. மிச்சம் வீடுகளில்தான். ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டிய படங்களைப் பிரித்தெடுத்து முதுகுப் பக்கத்தையும் படமெடுத்தால், என் ‘வி’க்கு விடை கிடைக்காவிட்டாலும் இந்த வரிசைக்காவது கிடைக்கக்கூடும். 1930களில் தேதியிட்ட ஒரு மணப்பெண் படமும், அதற்கு முந்தைய ஒரு பூச்சூட்டல் படமும் அருகருகே வரும்வரை இந்தக் கேள்வியைத் திறந்தே வைக்கிறேன்.