நிலையும் சுருளும்

'மெசூசா' என்னும் எபிரேயச் சொல் விவிலியத்தில் வாயில் நிலையைக் குறித்தது. இறைமொழிகளை வீட்டு நிலைகளில் எழுதுமாறு உபாகமத்தின் 6, 11ஆம் அதிகாரங்கள் பணிக்கின்றன. இக்கட்டளை நாளடைவில் தோற்சுருளாக வடிவுற்றது. கும்ரான் குகைகளில் ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடைய சுருள்கள் கிடைத்துள்ளன. நிலையின் பெயர் அதிற் பதித்த சுருளுக்கும் ஆயிற்று. தமிழ் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர்.

மரபுப்படி, 713 எழுத்துகளை 22 வரிகளில் கையால் எழுதிச் சுருட்டி, உறையிலிட்டு, வலப்புற நிலையில் பொருத்துவர். எழுத்து கண்ணுக்குப் புலப்படாது. வீட்டார் உறையைத் தொட்டு இறைவனை நினைவுகூர்வர்.

ஆகவே, விவிலியப் பகுதியில் 'நிலை' என்னும் பெயர்ப்புப் பொருந்தும். மிஷ்னா முதலிய பிற்கால நூல்களில் சுருளைக் குறிக்குமிடத்தும் அதனையே ஆண்டால், சமயப்பொருள் மறைந்து மரச்சட்டமே எஞ்சும். ஆண்டு 'மெசூசா' எனக் கடன்கொள்வதே தக்கது.