கொங்குநாட்டுப் பாலர் கூடங்களும் அவற்றின் பொறுப்பாளர்களும்

1822-ஆம் ஆண்டில் சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ, ஜில்லாதோறும் உள்ள பள்ளிக்கூடங்களின் கணக்கைக் கேட்டபோது, கோயமுத்தூர்க் கலெக்டராக விளங்கிய ஜான் சலிவன் 763 பள்ளிகளையும் 8,206 மாணாக்கரையும் குறித்தனுப்பினார். பிள்ளைகள் ஐந்தாம் வயதில் பள்ளிக்கு வருகிறார்கள் என்றும் எழுதினார். ஐந்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு அன்று பள்ளிக்கூடம் பாட்டியின் மடிதான்; அல்லது தாய் களையெடுக்கும் காட்டின் ஓரத்தில், வேப்பமரக் கிளையில் பழஞ்சேலையால் கட்டிய தூளிதான்.

அந்தத் தூளியை மரத்திலிருந்து அவிழ்த்தது ஆலைச் சங்கு. 1888-ல் ஆங்கிலேயத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் தொடங்கிவைத்த நூற்புத் தொழில், 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் கோவையை எட்டியபின் ஊருக்கு ஊர் பெருகியது. சங்கு ஊதும் நேரத்தில் வாசலில் நிற்க வேண்டிய தாய்க்கு, இடுப்பிலிருக்கும் குழந்தையை எங்கே இறக்கிவைப்பது என்னும் பிரச்சினை அன்றாடம் எழுந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு இதற்கு விடை கூறிற்று. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென வெளிச்சமும் காற்றோட்டமும் சுத்தமும் உடைய அறை இருக்கவேண்டும். இடையிடையே தாய் வந்து பாலூட்ட வசதி வேண்டும். இவையனைத்தினும் முக்கியமாக, குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் அந்த அறை இருக்கவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அளவு குறைந்த ஜின்னிங் ஆலைகள் பல இவ்விதியின் எல்லைக்கு வெளியே நின்றது பெருங்குறை என்றே கருதுகிறேன். 1976-ல்தான் அந்த ஐம்பது முப்பதாகக் குறைக்கப்பட்டது.

அறையைக் கட்ட ஆறு மாதம் போதும். பயிற்சி பெற்ற பெண்ணுக்கு எங்கே போவது? மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் போதித்ததும், மேற்குக் கடற்கரையில் போர்டி கிராமத்தில் தாராபாய் மோடக் 1945-ல் ஏழைக் குழந்தைகளுக்காகப் பாலவாடி என்னும் குழந்தைப் பள்ளி தொடங்கியதும் நாடறிந்த செய்திகள். கொங்குநாட்டின் விடை வேறு திசையிலிருந்து பிறந்தது. 1930-ல் ஸ்ரீ ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவியவரும், 1946 முதல் 1949 வரை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்தவருமான தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார், 1957-ல் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரி ஒன்றைத் தோற்றுவித்தார்; அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து பயின்று டாக்டர் பட்டம் பெற்ற ராஜம்மாள் தேவதாஸ் அதை வளர்த்தெடுத்தார். மனையியல் என்றால் சமையலும் தையலும் என்று எண்ணியிருந்த காலத்தில், குழந்தையின் வளர்ச்சியை ஒரு சாஸ்திரமாகப் பயிற்றுவித்து, குழந்தைப் பள்ளியையே ஆய்வுக்கூடமாக்கி, மாணவியர் மணலிலும் மரக்கட்டையிலும் விளையாடும் சிறுவரைக் கண்ணால் கண்டு கற்கும்படி செய்தது, என் மதிப்பில், கோவையின் ஆலைகள் அனைத்தினும் பெரிய காரியம்.

நகரத்துக்கு இந்தப் பயிற்சி பொருந்தினாலும் கிராமத்தின் சங்கடம் வேறு. கொங்கு வேளாண் குடும்பங்கள் ஊருக்குள் நெருங்கி வாழாமல், கிணற்றோரத்தில் சாளை கட்டித் தத்தம் தோட்டத்திலேயே குடியிருப்பவை. ஆகையால் பாலவாடியைத் திறந்துவைத்துவிட்டு வாசலில் காத்திருக்கும் பொறுப்பாளருக்கு ஒரு குழந்தையும் வந்து சேராது. விடிந்ததும் அவர் இருபுறமும் வேலி சூழ்ந்த இட்டேரிப் பாதை வழியே நடந்து, வேலியோரத்தில் நின்று, “ஏனுங்க அம்மிணி, சின்னவன் இன்னிக்கு வரலீங்களா?” என்று வீட்டுக்கு வீடு குரல் கொடுக்கவேண்டும், ஆயா ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாக அழைத்துவரவேண்டும். நிர்வாகம் என்று நூல்கள் விரித்துரைக்கும் கலையின் முதற்பாடம் இந்த நடையே. தாய்மார் அவரை நம்பினாலன்றிக் கூடம் நிரம்பாது. ஆதலால் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மருந்து வாங்கித் தருவதும், தடுப்பூசிக்கு நாள் சொல்வதும், மாமியாரைச் சமாதானம் செய்வதும் அவருடைய உத்தியோகத்திலேயே சேர்ந்துபோயின.

1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளையும் பந்தியில் உட்காரவைத்தபோது, பொறுப்பாளரின் இடுப்பில் ஒரு சாவிக்கொத்தும் மேஜையில் பதிவேடுகளும் ஏறின. பாட்டும் கதையும் சொல்லும் அதே பெண், அரிசி மூட்டையின் எடையைச் சரிபார்த்து, இருப்பை எழுதி, அதிகாரி வரும் நாளில் கையொப்பம் வாங்கவேண்டியவளானாள். பள்ளி வயதை எட்டாத குழந்தை ஒன்றுக்கு 80 கிராம் அரிசி. நாற்பது பேர் வந்தால் மூன்று கிலோ 200 கிராம். இந்தச் சிறிய கணக்கை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். ஆனால் உலை வைப்பதற்குள் தலைகளை எண்ணி முடித்தாக வேண்டும். மழைக்காலத்தில் பள்ளத்தில் தண்ணீர் ஓடினால், தூரத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் வருவார்களா என்பது பத்து மணிக்கும் தெரியாது. குறைவாக அளந்தால் தாமதமாக வந்த குழந்தை பசியோடு உட்காரும். கூடுதலாக அளந்தால் பதிவேட்டில் பதில் எழுதவேண்டும். வருகைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அரிசி அளக்கும் படியைக் கையில் பிடித்தபடி, இட்டேரியின் வளைவையே பார்த்து நின்று, ஆயாவிடம் “இன்னும் கொஞ்சம் பொறுங்க அக்கா” என்று சொல்லும் பெண்ணை, இன்றும் அவினாசிப் பக்கத்துக் கிராமங்களில் காணலாம்.